எந்த விடுதி, எந்த அறை, யாரோடு?

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையான யூ.பி.யூ.வின் முடிவு வெளியாகும் நாளில் கெடாவின் ஜித்ரா, சாங்லூன் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் கைப்பேசி ஓயாது. இடம் கிடைத்த மகிழ்ச்சி அன்று இரவு வரை நிற்கும். மறுநாள் காலையிலேயே வேறு கேள்விகள் கிளம்பிவிடும். எந்த விடுதியில் போடுவார்கள்? அறையில் எத்தனை பேர்? கூட இருப்பவர் எந்த இனம், எந்த ஊர்? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள முடியுமா? என்ன படிக்கப் போகிறோம் என்ற பேச்சே இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் போய்விடும்.

இது சின்னப்பிள்ளைத்தனமான கவலை என்று சொல்லும் பெரியவர்களை நான் அறிவேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பெற்றோர் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு, முன்பின் தெரியாத ஓர் அறையில், ஓராண்டு உறங்கி எழுவது வாழ்க்கையில் பெரிய நிகழ்வு. யார் யாரோடு வசிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், எந்த முறையில் செய்கிறார்கள், அதனால் என்ன விளைகிறது என்று உலகம் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழர்களாகிய நாமும் இந்தக் கேள்விக்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறோம்.

ஜித்ராவுக்கு இதில் தனி உறவு உண்டு. வட மலேசியப் பல்கலைக்கழகம், மக்கள் வாயில் யூ.யூ.எம்., 1984 பிப்ரவரி 16-இல் சட்டப்படி நிறுவப்பட்டபோது அதற்குச் சொந்த வளாகம் இல்லை. அந்த ஆண்டே ஜித்ராவை ஒட்டிய பண்டார் டாருல் அமானில் தற்காலிக வளாகத்தில் வகுப்புகள் தொடங்கின. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த முதல் தொகுதி மாணவர்களுக்கு ஜித்ராதான் கல்லூரி ஊர். 1990-இல் பல்கலைக்கழகம் சிந்தோக்குக்கு இடம்பெயர்ந்தது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளத்தாக்கு அது. சுற்றிலும் காடு, ஆயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பு, அந்தப் பக்கம் தாய்லாந்து எல்லை. ஜித்ராவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் மோட்டார் சைக்கிளோ காரோ இல்லாத மாணவருக்கு அது வேறு ஊர்.

சிந்தோக்கில் விடுதிகளை இனாசிஸ் என்கிறார்கள். நாட்டின் பெரிய நிறுவனங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள்: பெட்ரோனாஸ், புரோட்டோன், டி.என்.பி., மாஸ், மே பேங்க், சைம் டார்பி, பேங்க் ராக்யாட், இன்னும் பல. புதிதாக வரும் பிள்ளைகள் பெயரைப் பார்த்துத் தரத்தை ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்தில் பொருளில்லை. பெயர் தந்த நிறுவனம் அறைக்குள் வந்து விசிறியைச் சரிசெய்வதில்லை. கேட்க வேண்டியவை வேறு: விரிவுரைக் கட்டடத்துக்கு எவ்வளவு தூரம், வளாகப் பேருந்து எத்தனை மணி வரை ஓடும், உணவுக்கூடம் விடுமுறையில் திறந்திருக்குமா, எத்தனை மாடி ஏற வேண்டும். இவற்றைக் கேட்கும் குடும்பங்கள் குறைவு.

அறை ஒதுக்கீட்டில் மர்மம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆண், பெண் கட்டடங்கள் தனித்தனி. முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுவாக முன்னுரிமை உண்டு. உடற்குறை உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் கீழ்த்தளம் கிடைக்க வழியிருக்கிறது. மற்றவர்களைக் கணினி நிரப்புகிறது. இதற்கு மேல் ஆள் பிடித்து, தெரிந்தவரின் தெரிந்தவரைக் கூப்பிட்டு, பெயர் பெற்ற விடுதியை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் அந்த அழைப்புக்கு ஆகும் நேரமும் பணமும் வீண். சிறப்புத் தேவை இருந்தால் பதிவு நாளுக்கு முன்பே எழுத்தில், மருத்துவச் சான்றோடு தெரிவிப்பதே பயன் தரும்.

இன்னொன்றையும் நம் வட்டாரப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களை மத்தியிலிருந்து பங்கிடுவதால், சிந்தோக்குக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை கோத்தா கினபாலுவுக்குப் போகலாம். ஜொகூரில் பிறந்த பிள்ளை சிந்தோக்குக்கு வரலாம். ஆகவே யூ.யூ.எம். ஏற்பாட்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. பினாங்கில் 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் விடுதிகளை தேசாசிஸ்வா என்கிறது. பக்தி பெர்மாய், ஃபஜார் ஹராப்பான், சாயா கெமிலாங் என்று அழகான பெயர்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், அரசியல் முன்னோடிகள் பெயரில் கோலேஜுகள், அதாவது விடுதிகள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் எண் வரிசை; முதல் கோலேஜ், ஐந்தாம் கோலேஜ் என்றுதான் பழைய மாணவர்கள் இன்றும் அடையாளம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமிதம் பட்டமளிப்போடு முடிவதில்லை.

இந்த முறையின் வேர் இங்கிலாந்தின் பழைய கல்லூரிகளில் இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறைந்தால்தான் கல்வி முழுமை பெறும் என்பது அதன் நம்பிக்கை. சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்காக 1916-இல் எழுந்த கிங் எட்வர்ட் விடுதி அந்த மரபு இந்த வட்டாரத்துக்கு வந்ததன் தொடக்ககால அடையாளம். 1949-இல் அங்கே மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. பத்தாண்டுகளில் அது கோலாலம்பூருக்கும் வந்தபோது இந்திய ஆய்வியல் துறையோடு விடுதி வாழ்க்கையும் சேர்ந்தே வந்தது. அந்த வளாகத்துத் தமிழ்ப் பேரவையும் அது நடத்திய சிறுகதைப் போட்டிகளும் மலேசியத் தமிழிலக்கியத்துக்குப் பல எழுத்தாளர்களைத் தந்தன. தமிழ் மாணவர்கள் ஒன்றுகூட அறை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மன்றம் ஒன்று இருந்தால் போதும் என்பதற்குப் பேரவை நல்ல சான்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கெடா தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, யாரோ ஒருவர் வீடு ஒதுக்குவது புதிதல்ல. தாத்தா பாட்டி காலத்தில் லயன் வீட்டைத் துரையின் பெயரால் கிராணி ஒதுக்கினார். எந்த வரிசை, எந்த வீடு, பக்கத்தில் யார் என்பதில் தொழிலாளிக்குச் சொல் இல்லை. தமிழர் லயன் ஒரு பக்கம், மற்றவர்கள் குடியிருப்பு வேறு பக்கம். சில தோட்டங்களில் தமிழருக்குள்ளேயே சாதிக்கு ஒரு லயன். வேலை போனால் வீடும் போகும். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த காலத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் கொண்டிருந்தன. மக்கள் ஜித்ரா போன்ற பட்டணங்களின் தாமான் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கணினித் திரையில் தங்கள் அறை எண்ணைத் தேடுகிறார்கள். ஒதுக்கீடு என்றதும் பெற்றோருக்கு ஏற்படும் ஐயத்துக்கு இந்த நினைவு ஒரு காரணம் என்பது என் எண்ணம். அன்றைய ஒதுக்கீடு ஆட்களைப் பிரித்து வைத்தது. இன்றைய ஒதுக்கீடு, ஒழுங்காக நடந்தால், கலந்து வைக்க வேண்டும்.

கலந்து வைப்பதா, விருப்பத்துக்கு விடுவதா என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் மாணவர்கள் தாங்கள் வசிக்கும் இல்லத்துக்கு விருப்பம் சொல்ல முடிந்தது. விளைவு, விளையாட்டு வீரர்கள் ஓர் இல்லத்தில், கலைஞர்கள் ஓர் இல்லத்தில், கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தொலைவிலிருந்த இல்லங்களில் என்று வளாகம் தானாகவே பிரிந்துகொண்டது. 1996-இல் குலுக்கல் முறைக்கு மாறினார்கள். டியூக் பல்கலைக்கழகம், புதுமுக மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்துகொள்வதை 2018-இல் நிறுத்தியது. சமூக ஊடகத்தில் தேடித் தம்மைப் போன்றவரையே பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

குலுக்கலில் ஒரு துணை நன்மை உண்டு. யாரும் தேர்ந்தெடுக்காத அறைத்தோழர் என்பதால், அவரால் என்ன மாறுகிறது என்று ஆய்வாளர்களால் நேர்மையாக அளக்க முடிகிறது. டார்ட்மவுத் கல்லூரியில் புரூஸ் சாசர்டோட் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, அறைத்தோழர் மதிப்பெண்ணிலும் எந்தச் சங்கத்தில் சேர்வது என்பதிலும் தாக்கம் செலுத்துவதைக் கண்டது; எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்பதில் தாக்கம் இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமானது தென்னாப்பிரிக்க ஆய்வு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் அறைகளை இனக்கலப்பாக நிரப்பியபோது வெள்ளை மாணவர்களிடம் கறுப்பினத்தவர் குறித்த தப்பெண்ணம் குறைந்தது. கலப்பு அறைகளில் இருந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி கூடியது, படிப்பை விட்டுப் போனவர்கள் குறைந்தார்கள். லூசியா கோர்னோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்டது அது. இனப்பிரிவினைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த சமூகத்திலேயே இவ்வளவு நடந்திருக்கிறது என்றால் நம் நாட்டில் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை.

நம் நாட்டிலேயே ஒரு முன்னோட்டம் நடந்தது. 2004-இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கணினி வழியே தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் எல்லா இனத்தாரையும் ஒரே முகாமில் தங்கவைத்தது. 2018-இல் அதைக் கைவிட்டார்கள். முகாம்களில் அடிதடியும் நடந்தது, உயிரிழப்பும் நடந்தது, பெற்றோர் அஞ்சினார்கள். ஆனாலும் அந்த வயதுக்காரர்களை, இன்று பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்களை, கேட்டுப் பாருங்கள். முதன்முதலில் மலாய் நண்பரோடு ஒரே கூடத்தில் உறங்கியது அங்கேதான் என்று தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் சொல்வார்கள். கலப்பால் பயன் உண்டு, ஆனால் கண்காணிப்பில்லாத கலப்பு ஆபத்து என்ற இரண்டும் அந்த அனுபவத்தில் சேர்ந்தே இருக்கின்றன.

தமிழர் வரலாற்றில் இதே பாடம் இரண்டு முறை, இரண்டு திசையிலிருந்து வந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி குருகுலத்தை வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கினார். தேசபக்தியும் தமிழும் உழைப்பும் கற்பிக்கும் விடுதிப் பள்ளி. காங்கிரஸ் நிதியும் பொதுமக்கள் பணமும் அதில் சேர்ந்தன. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிப்பந்தி போடப்பட்ட செய்தி வெளியே வந்தது. அந்தச் சிறுவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் இரண்டு பந்தி கூடாது என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்; அந்த வெளியேற்றத்துக்கான காரணங்களில் சேரன்மாதேவியும் ஒன்று. ஒரு விடுதியின் சாப்பாட்டு இலை தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியிருக்கிறது. பெற்றோரின் விருப்பத்துக்காக விடுதிக்குள் ஒரு சிறு விலக்கு கொடுத்தால் அது சிறிதாகவே நின்றுவிடாது என்பதைத்தான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நம் இனத்துப் பிள்ளையோடு மட்டுமே போடுங்கள் என்று இன்று கேட்கும் பெற்றோரிடமும் இதையே சொல்வேன்.

இரண்டாவது பாடம் பேராதனையிலிருந்து. இலங்கைப் பல்கலைக்கழகம் 1950-களில் மகாவலிக் கரையில் குடியேறியபோது அதன் விடுதிகளில் இராமநாதன், அருணாசலம் என்ற தமிழ்ச் சகோதரர்களின் பெயர்களும் இடம்பெற்றன. சிங்கள, தமிழ் மாணவர்கள் ஒரே மண்டபங்களில் வாழ்ந்தார்கள். 1983 மே மாதம் அதே விடுதிகளில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வளாகத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். ஜூலைக் கலவரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. முப்பது ஆண்டுக் கலப்பு வாழ்வு அப்போது அவர்களைக் காக்கவில்லை. கலப்பை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் இதைக் கடந்து போகக் கூடாது. அறையில் ஒன்றாக இருப்பது நட்பை வளர்க்கலாம். நியாயம் வழங்கும் நிர்வாகமும் சட்டமும் இல்லாத இடத்தில் அந்த நட்பு தனியாக எதையும் தாங்கிப் பிடிக்க முடியாது.

ஆகவே என் நிலை இது. முதலாண்டில் அறைத்தோழர் குலுக்கலில் அமைய வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் விருப்பத்துக்கு விடலாம். ஆனால் குலுக்கல் என்ற பெயரில் ஒரு தளத்துக்கு ஒரு தமிழ்ப்பிள்ளை என்று சிதறடிக்கவும் கூடாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, வீட்டில் முதல்முறையாகப் பல்கலைக்கழகம் காணும், மலாயில் சரளமாகப் பேசத் தயங்கும் பெண் ஒருத்தி, தளம் முழுதும் தேடியும் தன் மொழி பேசும் ஒரு முகமும் இல்லாமல் இருப்பது அவளுக்கு நன்மை செய்யாது. அறைக்குள் அந்நியர், அதே தளத்தில் இரண்டு மூன்று தெரிந்த குரல்கள் என்று அமைப்பது கணினிக்கு ஒரு கூடுதல் கட்டளை மட்டுமே. தமிழ்ப் பேச்சுக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மன்றம் இருக்கிறது.

இதில் மாணவருக்கு மாணவர் வேறுபாடும் உண்டு. சாங்லூனில் உள்ள கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரியில் படித்து வந்தவர், விடுதி வாழ்க்கையை ஏற்கெனவே பார்த்துவிட்டவர். 2012 முதல் இந்திய மாணவர்களுக்குக் கூடுதல் மெட்ரிகுலேஷன் இடங்கள் கிடைத்ததால் அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே பெருகினார்கள். எஸ்.டி.பி.எம். வழியாக வருபவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே படித்தவர். தன் துணியைத் தானே துவைப்பதிலிருந்து எல்லாம் அவருக்குப் புதிது. இருவரையும் ஒரே அறிமுக வாரத்தில் ஒரே மாதிரி ஓட விடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசியில் மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டுப் பிள்ளைக்கும், மாட்டிறைச்சி தொடாத பிள்ளைக்கும் வளாக உணவுக்கூடம் முதல் மாதம் சோதனைதான். அறையில் சமைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. சாமி படம் மேசையில் வைக்கலாம். விளக்கு, சூடம் ஏற்றுவது தீ விதிப்படி தவறு, அறைத்தோழருக்கும் அச்சம். இவற்றை முதல் வாரத்திலேயே அறைத்தோழரிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டால் பாதிச் சிக்கல் எழாது. அவர் விடியற்காலைத் தொழுகைக்கு எழுவார், இவர் நள்ளிரவு வரை படிப்பார். விளக்கை எப்போது அணைப்பது என்பதே பெரும்பாலான அறைகளின் முதல் சச்சரவு.

பதிவு நாளன்று சாவியோடு ஒரு தாள் கொடுப்பார்கள். கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி, விசிறி, விளக்கு என்று அறையில் உள்ளவை அதில் வரிசையாக இருக்கும். அப்பா வேனிலிருந்து வாளியும் தலையணையும் இறக்கிக்கொண்டிருக்க, அம்மா ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை அந்தத் தாளில் படிக்காமல் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்துவிடும். அப்படிச் செய்யக் கூடாது. பிளக் பாயிண்ட் தளர்ந்திருக்கிறதா, விசிறி சுவிட்சில் கருகல் இருக்கிறதா, கதவுப் பூட்டு உள்ளிருந்து சரியாக விழுகிறதா என்று பெற்றோர் கிளம்புவதற்குள் பார்த்து, பழுதை அந்தத் தாளிலேயே எழுதி, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொண்டுபோகும் நீட்டிப்பு ஒயரில் சிரிம் தர முத்திரை இருக்க வேண்டும்; பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பதை வாங்கவே வேண்டாம். 2022 மே மாதம் சிந்தோக் விடுதி அறை ஒன்றில் ஒரு மாணவி இறந்து கிடந்தார். மின்சாரம் தாக்கியிருக்கலாம் என்று முதற்கட்ட உடற்கூறாய்வுக்குப் பிறகு காவல்துறை சொன்னது. அந்தச் செய்தி கெடாவின் தமிழ் வீடுகளை உலுக்கியது. எந்த இனாசிஸ் என்று கேட்கும் பெற்றோர், அந்தக் கட்டடத்தின் மின்னிணைப்பை யார், எப்போது சோதித்தார்கள் என்று கேட்க முழு உரிமை பெற்றவர்கள். பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதியை ஒவ்வொரு தளத்திலும் ஒட்டிவைக்க வேண்டும்.

மூத்த மாணவர்களின் கொடுமையைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்தவரால் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாடு 1997-இல் பகடிவதைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கை 1998-இல் இயற்றியது. முதலாண்டினரைத் தனிக் கட்டடத்தில் வைப்பது இதற்கு ஒரு தீர்வாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வழிகாட்ட நல்ல மூத்தவர் பக்கத்தில் இருப்பது தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும் துணை. ஆனால் புகார் சொன்னால் அன்றே அறை மாற்றித் தரும் ஏற்பாடு இல்லாத விடுதியில், தனிக் கட்டடமே மேல்.

இவ்வளவுக்கும் நடுவே, பெற்றோர் கேட்காமல் விடும் கேள்விதான் குடும்பத்தின் கையைக் கடிக்கிறது: இரண்டாம் ஆண்டில் கட்டில் உண்டா? பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்களுக்கு இடம் உறுதியில்லை. விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொண்டு சேர்க்கும் மெரிட் புள்ளிகளைப் பார்த்துத்தான் மீண்டும் இடம் தருகிறார்கள். விளையாட்டு, மேடை, கூட்டுப்பணி என்று ஓடியவருக்குப் புள்ளி சேரும். வார இறுதியில் ஜித்ராவுக்கு வந்து கடையில் வேலை செய்து செலவுக்குப் பணம் தேடும் பிள்ளைக்குச் சேராது. இடம் இழந்தால் சாங்லூனில் வாடகை வீடு, முன்பணம், மோட்டார் சைக்கிள், பெட்ரோல் என்று செலவு கூடும்; பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்குள் இவற்றையெல்லாம் அடக்குவது கடினம். மெரிட் முறை சுறுசுறுப்புக்குப் பரிசு என்று தோன்றினாலும், நடைமுறையில் வசதியுள்ளவருக்கே சாதகமாகச் சாய்கிறது. குடும்ப வருமானத்தையும் வீட்டுத் தொலைவையும் புள்ளிகளோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று மாணவர் பேரவைகளும் நம் இயக்கங்களும் கேட்க வேண்டிய இடம் இது. அது மாறும் வரை, முதலாண்டுப் பிள்ளை முதல் பருவத்திலேயே ஏதாவது ஒரு குழுவில் பெயர் கொடுத்து வைக்க வேண்டும். அறிமுக வாரம் முடிந்ததும் விடுதி அலுவலகத்தில் புள்ளி விதியை எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்த ஆண்டு விண்ணப்பம் எந்தத் தேதியில் திறந்து எந்தத் தேதியில் மூடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதியை வீட்டில் ஒருவருக்கும் தெரியப்படுத்துவது நல்லது. தேர்வு நெருக்கத்தில் பிள்ளை மறந்துவிடக்கூடும்.